போய்ச் சேர்ந்ததா? தொடக்ககால மின்னஞ்சலின் முகவரியும் ஒப்புகையும்

கொக்குவிலில் இருக்கும் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, உறையின் மேல் அவர் வசிக்கும் இடத்தை எழுதுகிறோமே அன்றி, அங்கே போகும் வழியை எழுதுவதில்லை. பெயர், வீட்டிலக்கம், ஒழுங்கை, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதை நோக்கி எழுதித் தபாற்பெட்டியில் போட்டுவிட்டால், எந்த வண்டியில் ஏற்றுவது, எந்தத் தபாற்கந்தோரில் பிரிப்பது, எந்தத் தபாற்காரரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் தபால் திணைக்களத்தின் பொறுப்பாகிவிடும். இன்றைய மின்னஞ்சல் முகவரியும் இதே முறையில் அமைந்தது. முதலில் ஆளின் பெயர், பிறகு நிறுவனம், இறுதியில், பல முகவரிகளில், நாடு. வழி எங்கும் குறிக்கப்படுவதில்லை.

மின்னஞ்சலின் முதல் பதினைந்து, இருபது ஆண்டுகளில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. எழுதுபவர், பெறுபவரின் பெட்டி எந்தக் கணினியில் இருக்கிறது என்பதையும், பல வேளைகளில் அந்தக் கணினியை எந்தெந்தக் கணினிகளின் ஊடாக எட்டலாம் என்பதையும் தாமே அறிந்திருக்க வேண்டியிருந்தது. அனுப்பிய பின்னர், அது சேர்ந்ததா என்று உறுதிப்படுத்துவது இன்னும் கடினமாக இருந்தது. இன்றைய மின்னஞ்சலின் உறுப்புகள் பல, இந்த இரண்டு சிக்கல்களுக்கும் அன்று கண்ட விடைகளே. ஆகவே, 'அனுப்பப்பட்டது' என்று திரையில் தோன்றும் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை அறிய விரும்பும் ஒருவர், அந்தக் காலத்திலிருந்து தொடங்குவது நல்லது என்று கருதுகிறேன்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய 1965ஆம் ஆண்டளவில், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஒரு பயனர் மற்றொரு பயனருக்குக் குறிப்பு எழுதி வைக்கும் கட்டளை ஒன்று உருவாக்கப்பட்டது. இருவரும் ஒரே கணினியில் இருந்தமையால் பெயர் ஒன்றே முகவரிக்குப் போதுமாயிற்று. ஒரே வீட்டில் இருப்பவருக்கு மேசையில் துண்டு எழுதி வைப்பவர் வீட்டு விலாசம் எழுதுவதில்லை அல்லவா? 1971ஆம் ஆண்டில் ரே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஆர்பாநெற் என்ற ஆய்வு வலையமைப்பின் ஊடாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியில் உள்ளவரின் பெட்டிக்குக் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த முதற் கடிதம் கடந்த தூரம் மிகச் சிறியது, ஏனெனில் அவர் பயன்படுத்திய இரண்டு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தன. ஆனால் அப்போது ஒரு புதிய தேவை எழுந்தது: ஆளின் பெயர் எங்கே முடிகிறது, கணினியின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். ஆட்பெயர்களில் வராததும், 'இன்ன இடத்தில்' என்ற பொருள் தருவதுமான @ குறியை அவர் தேர்ந்தெடுத்தார். குமரன்@கணினி என்றால் 'அந்தக் கணினியில் உள்ள குமரன்' என்று பொருள்.

'பெட்டி' என்ற சொல்லையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய அஞ்சற்பெட்டி என்பது ஒரு சாதாரணக் கோப்பு. மற்றவர்கள் அதன் இறுதியில் எழுத்தைச் சேர்க்கலாம். ஆனால் உள்ளே இருப்பதை வாசிக்கவோ மாற்றவோ முடியாது. வீதியோரத் தபாற்பெட்டியின் வாய் போடுவதற்கு மட்டும் திறந்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. போட்டவர் பிறகு உள்ளே பார்க்க முடியாது என்ற இந்த இயல்பிலிருந்துதான், சேர்ந்ததா என்ற கேள்வியே பிறக்கிறது.

ஆளைத் தேடுதல்

ஆர்பாநெற்றில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு பட்டியற் கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் நிலையம் அதைப் பேணியது. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் அந்நிலையத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். புதிய கணினி ஒன்றை இணைப்பவர்கள் அந்நிலையத்துக்கு அறிவிப்பார்கள். நிலையம் பட்டியலைத் திருத்தும். ஏனைய கணினிகள் அனைத்தும் புதிய பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்ளும். கணினிகள் சில நூறாக இருந்த வரையில் இந்த முறை தாங்கியது.

பட்டியல் கணினிகளைக் காட்டியதே தவிர, ஆட்களைக் காட்டவில்லை. ஆட்களைக் கண்டறிய வேறு வழிகள் தோன்றின. அதே நிலையம் பயனர்களின் பெயர்க்கோவையை அச்சிட்டு வெளியிட்டது; பின்னர் அதனைக் கணினி மூலமே கேட்டறியும் 'ஹூ-இஸ்' என்னும் சேவை 1982இல் ஆவணப்படுத்தப்பட்டது. இவற்றுக்கு முன்னரே, 1971இல், ஸ்ரான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் லெஸ் ஏர்னெஸ்ற் என்பவர் 'ஃபிங்கர்' என்ற நிரலை எழுதியிருந்தார். ஒரு கணினியிடம் ஒருவரின் பெயரைக் கொடுத்துக் கேட்டால், அவரது முழுப்பெயர், அவர் கடைசியாக எப்போது உள்நுழைந்தார், இப்போது விசைப்பலகையைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது என்பவற்றை அது சொல்லும். பேர்க்லி யுனிக்ஸ் என்ற இயங்குதளம் கொண்ட கணினிகளில் இருந்த ஃபிங்கர் இன்னும் ஒரு படி மேலே சென்று, அவருக்குப் புதிய அஞ்சல் எப்போது வந்தது, எப்போதிலிருந்து அது வாசிக்கப்படாமல் இருக்கிறது என்பதையும் காட்டியது. தம் கடிதம் வாசிக்கப்பட்டதா என்று அறிய விரும்பிய பலர், எந்த ஒப்புகையையும் எதிர்பாராமல், இந்த நிரலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒருவருடைய வரவும் போக்கும் எவருக்கும் தெரியக்கூடியதாக இருந்த காலம் அது. அந்தத் திறந்த தன்மைக்கு விலை இருந்தது. 1988இல் பரவிய மொரிஸ் புழு நிரல், கணினிகளுக்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரு பிழை.

எல்லாவற்றையும்விட எனக்கு மனநிறைவு தரும் ஏற்பாடு 'போஸ்ற்மாஸ்ரர்' என்னும் பெட்டி. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த 1982ஆம் ஆண்டு ஆவணம், அஞ்சல் பெறும் ஒவ்வோர் இடத்திலும் இப்பெயரில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும் என்றும், அதற்கு வரும் கடிதம் அவ்விடத்துக்குப் பொறுப்பான ஒரு மனிதரைச் சென்றடைய வேண்டும் என்றும் விதித்தது. தபாலதிபர் என்று நம் ஊரில் சொல்லும் அதே பதவிப் பெயர். ஒருவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்து, அவரது பெட்டியின் பெயர் தெரியாவிட்டால், அந்நிறுவனத்தின் தபாலதிபருக்குப் பணிவாக எழுதிக் கேட்கலாம். வீட்டிலக்கம் இல்லாத ஒழுங்கையில் ஆளைத் தேடுபவர், சந்திக் கடையில் விசாரிப்பதற்கு இது ஒப்பாகும். அன்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னோர் அறிவுரையும் இத்தகையதே: முகவரி தெரியாவிட்டால் அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

வழியே முகவரியாக இருந்த காலம்

ஆர்பாநெற்றில் இணைவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அது கிடைக்காத பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியையே நம்பின. பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் எழுதி, 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் பரவிய யூ.யூ.சி.பி. என்ற நிரற்தொகுதி, ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளைக் கைமாற்ற வழி செய்தது. கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் அழைப்பு நடக்கும். கையில் சேர்ந்துள்ள கடிதங்கள் அடுத்த கணினிக்கு மாறும். அது தன் முறை வரும்போது அதற்கடுத்ததை அழைக்கும்.

யாழ்ப்பாண வாசகருக்கு இதை விளக்க நீண்ட விரிவுரை தேவையில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டின் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன பின்னர், கடிதங்கள் பெரும்பாலும் ஆள்மூலம் கொடுத்துவிடப்பட்டே வந்தன. கொழும்பிலிருந்து புறப்படுபவர் வவுனியா வரை கொண்டுவருவார், அங்கிருந்து வேறொருவர், கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து வருபவர் ஒருவர், அவர் சாவகச்சேரியில் ஒரு கடையில் கொடுத்துவைக்க, அங்கிருந்து வீட்டுக்கு. கடிதம் கொடுத்துவிடுபவருக்கு இந்தச் சங்கிலி முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். யூ.யூ.சி.பி. முகவரியும் இதே சங்கிலிதான். இந்த ஊர்கள் கணினிகளின் பெயர்களாக இருந்திருந்தால், முகவரி வவுனியா!கிளாலி!சாவகச்சேரி!குமரன் என்று எழுதப்பட்டிருக்கும். ஆச்சரியக்குறி ஒவ்வொன்றும் ஒரு கைமாற்றம். ஒவ்வொரு கணினியும் தன் பெயரை முன்னாலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியதை அடுத்த பெயருக்கு உரிய கணினியிடம் ஒப்படைக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஒரே குமரனுக்கு, எழுதுபவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து முகவரி மாறும். வவுனியாவில் இருப்பவர் எழுதும் முகவரி வேறு. மன்னாரில் இருப்பவர் எழுதும் முகவரி வேறு. எனவே ஒருவர் தம் முகவரியை மற்றவருக்குக் கொடுப்பதே கடினமாயிற்று. பலரும் அறிந்த பெரிய சந்திக் கணினி ஒன்றின் பெயரைக் குறிப்பிட்டு, 'அதுவரை எப்படியாவது வந்துவிடுங்கள், அங்கிருந்து வழி இது' என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் நிலநடுக்க ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்த 'சீஸ்மோ' என்ற கணினி அத்தகைய சந்திகளுள் ஒன்று.

வழி தேடும் சுமையைக் குறைக்க, ஒவ்வொரு நிலையமும் தான் எந்தெந்த நிலையங்களுடன், எவ்வளவு அடிக்கடி தொடர்புகொள்கிறது என்பதை எழுதி அனுப்ப, அவை திரட்டப்பட்டு வரைபடங்களாக வெளியிடப்பட்டன. ஸ்ரீவ் பெலோவினும் பீற்றர் ஹனிமனும் உருவாக்கிய 'பாத்-எலியஸ்' என்ற நிரல், அந்த வரைபடங்களை வாசித்து, நாம் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் செலவு குறைந்த வழியைக் கணித்துத் தந்தது. என் மதிப்பில், மின்னஞ்சல் வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று இது. வழி தேடுவது மனிதரின் வேலையாக இருக்கத் தேவையில்லை என்பதை அது நடைமுறையில் காட்டியது.

ஆயினும், வலையமைப்புகள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களில் குழப்பம் மிகுந்திருந்தது. @ குறியும் ஆச்சரியக்குறியும் ஒரே முகவரியில் வந்தால் எதை முதலில் பார்ப்பது? கிளாலி!குமரன்@கொழும்பு என்பதை ஒரு கணினி, 'முதலில் கொழும்புக்கு அனுப்பு. அது கிளாலிக்குக் கொடுக்கும்' என்று வாசிக்கும். மற்றொரு கணினி, 'முதலில் கிளாலிக்குக் கொடு. அது கொழும்புக்கு அனுப்பும்' என்று வாசிக்கும். இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. கடிதம் மட்டும் தவறிப்போகும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு இன்னொரு விதமான சிக்கலைத் தந்தது. அங்கே முகவரி பெரியதிலிருந்து சிறியதை நோக்கி, நாட்டின் பெயரை முதலில் வைத்து எழுதப்பட்டது. கணினி விஞ்ஞானத் துறையைக் குறிக்கும் 'சி.எஸ்.' என்ற சுருக்கம் அவ்வாறு இறுதியில் வர, அதே ஈரெழுத்து செக்கோசிலோவாக்கியாவின் நாட்டுக் குறியாகவும் இருந்தமையால், முகவரியை மறுதிசையில் வாசித்த கணினிகள் பிரித்தானியத் துறை ஒன்றுக்குரிய கடிதத்தை அந்நாட்டுக்குரியதாக எடுத்துக்கொண்டன.

தீர்வு, நம் கடித உறையின் முறையையே பின்பற்றியது. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். என்னும் பெயர் முறைமை, எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில் வைப்பதை விட்டு, ஒவ்வொரு நிறுவனமும் நாடும் தன் கீழுள்ள பெயர்களுக்குத் தானே பொறுப்பேற்க வைத்தது. 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்றிட்ஜ் எழுதிய ஆவணம், அதில் அஞ்சலுக்கான தனிப் பதிவின் பயன்பாட்டை விளக்கியது. ஒரு பெயருக்குரிய அஞ்சலை எந்தக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் அடுத்து எதனிடம் என்று வரிசை எண்ணுடன் அந்தப் பதிவு சொல்லும். குறைந்த எண் உடையது முதலில். இதனால், இணையத்தில் நேரடியாக இணையாத ஓர் இடத்துக்கும் நிலையான முகவரி இருக்கலாம் என்ற நிலை வந்தது; வேறொரு கணினி அதன் சார்பில் கடிதங்களை ஏற்று, பின்னர் தொலைபேசி வழியாகக் கொடுத்துவிடலாம். இலங்கைக்குரிய எல்.கே. என்ற நாட்டுப் பெயர் 1990 ஓகஸ்டில் பதிவானபோது, நாட்டுக்கு நிரந்தர இணைய இணைப்பு வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வழியே இயங்கிய கல்விசார் மின்னஞ்சல் சேவை அக்காலத்தது. அதே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி ஒலி அடங்கியிருந்தது என்பதை நினைக்காமல் இந்த ஆண்டை என்னால் எழுத முடியவில்லை.

சேர்ந்ததை அறிதல்

2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர், யாழ்ப்பாண நகருக்கு வெளியே ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் சில மாதங்கள் வேலை செய்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து வரும் மின்னஞ்சல்களை அச்சிட்டுக் கொடுப்பதும், பெற்றோர் சொல்லச் சொல்லப் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவதும் என் வேலை. ஒரு நாள் ஓர் அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு, அவனது தந்தையின் சத்திரசிகிச்சைத் திகதியைச் சொல்லி எழுதச் சொன்னார். அனுப்பி முடித்ததும், "தம்பி, போய்ச் சேர்ந்திட்டுதோ?" என்று கேட்டார். திரை காட்டியதை வைத்து, "ஓம் அம்மா, போயிட்டுது" என்றேன். ஐந்தாம் நாள், அந்தப் பக்கத்துக் கணினி பதிலளிக்கவில்லை என்ற குறிப்புடன் கடிதம் திரும்பி வந்தது. நான் அவருக்குச் சொன்னது பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஐந்து நாளும் அவர் பதிலை எதிர்பார்த்திருந்தார். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, எஸ்.எம்.ரி.பி. என்ற அஞ்சல் நெறிமுறையைப் பார்க்க வேண்டும். 1982 ஓகஸ்டில் ஜொன் போஸ்ரல் எழுதிய ஆர்.எவ்.சி. 821 என்ற ஆவணம் அதை வரையறுத்தது. கடிதம் கொடுக்கும் கணினியும் பெறும் கணினியும் உரையாடும் முறை அது. கொடுப்பது முதலில் தன் பெயரைச் சொல்லி வணங்கும். பிறகு 'இன்னாரிடமிருந்து' என்று சொல்லும். பெறுவது 250 என்ற எண்ணால் சம்மதிக்கும். 'இன்னாருக்கு' என்று சொல்லும். அப்படி ஒரு பெட்டி இருந்தால் 250, இல்லாவிட்டால் 550. தொடர்ந்து கடிதத்தை வரி வரியாகக் கொடுத்து, இறுதியில் ஒரு வரியில் தனிப் புள்ளி ஒன்றை வைக்கும். பெறும் கணினி மீண்டும் 250 என்று சொல்லும்.

இந்தக் கடைசி 250தான் மின்னஞ்சலின் இதயம். அதன் பொருள், 'உரியவருக்குக் கிடைத்துவிட்டது' என்பதல்ல. 'இனி இது என் பொறுப்பு' என்பது. அதைச் சொன்ன கணினி, கடிதத்தைச் சேர்க்க வேண்டும்; சேர்க்க முடியாவிட்டால், முடியவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலை ஏற்றுக்கொண்ட தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டு எதை உறுதிசெய்கிறதோ, அதையே இந்த எண்ணும் உறுதிசெய்கிறது. என் திரை அன்று காட்டியது, எங்கள் சேவை வழங்குநரின் கணினி சொன்ன 250. ரொறன்ரோவில் உள்ள கணினி எதையும் சொல்லவில்லை.

ஒரு கணினி பதிலளிக்காவிட்டால், 'பிறகு முயல்க' என்ற பொருளில் கடிதம் வரிசையில் நிற்கும். அதுபோலவே, நான்கில் தொடங்கும் பதில் எண்கள் தற்காலிகத் தடையையும், ஐந்தில் தொடங்குபவை நிரந்தர மறுப்பையும் குறிக்கும். 1989இல் வெளியான விதித்தொகுப்பு, முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிடம் விடவும், கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாட்களாவது முயலவும் பரிந்துரைத்தது. பரவலாகப் பயன்பட்ட 'சென்ட்மெயில்' நிரலின் வழக்கமான அமைப்பு ஐந்து நாள். அந்த அம்மாவின் ஐந்து நாள் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இதுவே. நீண்ட முயற்சி ஒரு நற்குணம்தான்; தொலைவில் உள்ள கணினி ஓரிரு நாள் நின்றுபோனாலும் கடிதம் தொலையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அந்த நாட்களில் நிலவும் மௌனத்துக்கு, சேர்ந்தது என்றும் பொருள் இல்லை, சேரவில்லை என்றும் பொருள் இல்லை.

திரும்பி வரும் அறிவித்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கடிதம் சேரவில்லை' என்று அறிவிக்கும் கடிதமே சேராமற்போனால், அதைப் பற்றி இன்னோர் அறிவித்தல், அதைப் பற்றி மற்றொன்று என்று இரண்டு கணினிகள் முடிவின்றி எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே அத்தகைய அறிவித்தல்கள் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பப்படும்; வெறுமையான இடத்துக்கு எவரும் பதில் அனுப்புவதில்லை.

ஒப்புகையே தொலைந்துபோவதும் உண்டு. இறுதிப் புள்ளியை வைத்த பின், பெறும் கணினி கடிதத்தை எடுத்துக்கொண்டு 250 என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? பெற்றது, தான் பெற்றுவிட்டதாக நினைக்கும். கொடுத்தது, கொடுக்கவில்லை என நினைத்து மீண்டும் அனுப்பும். பெறுபவருக்கு ஒரே கடிதம் இரண்டு முறை வரும். 1988இல் பார்ட்றிட்ஜ் இதைப் பற்றித் தனி ஆவணமே எழுதி, பெறும் கணினி கடிதத்தை உரியவரிடம் சேர்க்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொண்டு, 250ஐ முடிந்தவரை விரைவில் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார். தொலைவதைவிட இரட்டிப்பாக வருவது மேல் என்பதே மின்னஞ்சலை வடிவமைத்தவர்களின் தெரிவு. அது சரியான தெரிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

முகவரி சரியா என்பதைக் கடிதம் அனுப்பாமலே கேட்கும் கட்டளை ஒன்றும் எஸ்.எம்.ரி.பி.யில் இருந்தது. ஒரு பெயரைக் கொடுத்து 'இவர் உங்களிடம் இருக்கிறாரா?' என்று கேட்டால், முழுப்பெயரும் பெட்டியின் பெயரும் பதிலாக வரும். குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைப் பயன்படுத்தி முகவரிகளை அறுவடை செய்யத் தொடங்கியதும், நிர்வாகிகள் அதை மூடினார்கள். 'உறுதிசெய்ய இயலாது, ஆயினும் கடிதத்தை ஏற்று முயல்கிறேன்' என்று பொருள்படும் 252 என்ற எண்ணே பின்னர் பல இடங்களில் பதிலாயிற்று.

வேறு வலையமைப்புகள் வேறு வழிகளைக் கண்டன. 1981இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் தொடங்கிய பிற்நெற்றில், அனுப்பிய கோப்பு வழியிலுள்ள நிலையங்களைக் கடக்கும்போது, அங்கிருந்து ஒரு சிறு வரி அனுப்பியவரின் திரைக்கு வரும். அதைப் பார்த்திருப்பவருக்கு, தம் கடிதம் எந்த நிலையத்தைத் தாண்டியது என்பது கண்முன்னே தெரியும். இணைய மின்னஞ்சலில் அந்த வசதி இல்லை. மாறாக, கடந்து வந்த ஒவ்வொரு கணினியும் கடிதத்தின் தலைப்பகுதியில் தன் பெயரையும் நேரத்தையும் பதித்துவிடும். உறையின் பின்புறத்தில் தபாற்கந்தோர்கள் குத்தும் திகதி முத்திரைக்கு நிகரானது இது. முத்திரையைப் பார்க்கக்கூடியவர் பெறுபவரே. தாமதம் எங்கே ஏற்பட்டது என்பதை அவர் கண்டுபிடிக்கலாம், அனுப்பியவருக்கு அது தெரியாது.

கையொப்பம் வாங்கித் திரும்பி வரும் அட்டையைப் போன்ற ஒன்றை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. கடிதத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்த்தால், இறுதிக் கணினியில் இயங்கும் சென்ட்மெயில், 'பெட்டியில் சேர்த்துவிட்டேன்' என்று பதில் எழுதும். ஆனால் அந்த வரியுடன் ஒரு கடிதம் பல நூறு பேர் கொண்ட அஞ்சற்குழுவுக்குப் போனால், நூற்றுக்கணக்கான ஒப்புகைகள் வந்து குவியும். 1984இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.400 என்ற சர்வதேச நியமம், பெட்டியில் சேர்ந்த அறிவித்தலையும் பெறுநர் கைக்கொண்ட அறிவித்தலையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. அதன் முகவரிகள் மிக நீளமாக இருந்தமையால் பொதுமக்களிடம் அது பரவவில்லை, பிரிவினை மட்டும் நிலைத்தது. இணைய மின்னஞ்சலில் 1996இல் சேர்ப்பு அறிவித்தலும், 1998இல் வாசிப்பு அறிவித்தலும் தனித்தனி நியமங்களாயின. முதலாவதை அனுப்புவது கணினி. இரண்டாவதை அனுப்புவதா என்பதைப் பெறுபவர் தீர்மானிக்கலாம். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் சம்மதித்தாலும், கடிதம் திரையில் திறக்கப்பட்டது என்பதையே அது சொல்லும். கருத்து மனத்தில் பதிந்ததா என்பதை எந்தக் கணினியும் அறியாது.

எஞ்சுவது மனிதர் எழுதும் பதில். அதற்கும் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலும் தனக்கே உரிய அடையாள எழுத்துத்தொடர் ஒன்றைத் தலைப்பகுதியில் தாங்கி வரும். அதற்குப் பதில் எழுதும்போது, 'இந்த அடையாளமுள்ள கடிதத்துக்குப் பதில்' என்ற வரியில் அதே தொடர் திரும்ப எழுதப்படும். எங்கள் வீட்டில் கடிதங்கள் எப்போதும் 'உங்களது 14ஆம் திகதிய கடிதம் கிடைத்தது' என்றுதான் தொடங்கின. கிளாலி வழியாக ஒன்று வந்து மூன்று தொலைந்த ஆண்டுகளில், எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை எழுதியவர் கணக்கிட்டுக்கொள்ள அந்த ஒரு வரியே உதவியது.

திரும்பி வந்த கடிதத்தை அன்று மாலையே மீண்டும் அனுப்பினேன். அந்த அம்மாவிடம் இம்முறை, "இங்கையிருந்து வெளிக்கிட்டிட்டுது அம்மா, மகன் பதில் போட்டால்தான் சேர்ந்தது எண்டு சொல்லலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து மகனின் பதில் வந்தது. அச்சிடுவதற்கு முன் அதன் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். நான் இரண்டாம் முறை அனுப்பிய கடிதத்தின் அடையாளத் தொடர், எழுத்துக்கு எழுத்து அப்படியே, பதில் வரியில் இருந்தது.